ஒரே கை போட்ட முடிச்சு

நம் டாக்டரம்மா இன்னும் டாக்டர் ஆகவில்லை. வாரா வாரம் படித்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த சேதி. இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் ஏமாந்துபோய் அவளிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்டுவிடக் கூடாதே! அந்தப் பட்டத்தைக் கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை, மாமியார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு வீடு திரும்பிய அன்றைக்கே, "வாங்க டாக்டரம்மா, கை கால் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்று ஆரம்பித்தார். ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவரும் விடவில்லை, பட்டமும் வந்தபாடில்லை.

ஆராய்ச்சி நூலைப் பற்றியது. ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றைத் தைக்கிறார்களே, அந்த நூல். செடி நாரை மெல்லிய இழைகளாக்கி, கயிறு மாதிரி முறுக்கிப் புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். அதில் போட்ட முடிச்சு அவிழாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. டாக்டரம்மா முடிச்சுப் போடுவாள், மெஷினில் மாட்டுவாள், மெஷின் இழுக்கும். பழைய நூலில் முடிச்சு நழுவிவிடும். புது நூலில், நூலே அறுந்தாலும் அறும், முடிச்சு மட்டும் அசையாது. ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்த்தாயிற்று. ஆக, புது நூல் கெட்டி. இதைச் சொல்லவா இத்தனை வருஷம் என்று உங்களுக்குத் தோன்றினால் கவலைப்படாதீர்கள், அவளைப் பெற்ற அப்பாவும் போன் பண்ணும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறார்.

போன வாரம் ஒரு டப்பாவைத் திறக்கப்போய் இடது கட்டை விரலைக் கிழித்துக்கொண்டாள். அவளுக்கு எழுதுவது, வெட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாமே இடது கை. புது நூலில் கடைசியாக ஒரு தொகுதி முடிச்சு மட்டும் பாக்கி இருந்தது. "நான் போட்டுத் தர்றேன், இதென்ன பெரிய வித்தையா?" என்று புருஷன் உட்கார்ந்து பொறுமையாகப் போட்டுக் கொடுத்தார். மெஷினில் மாட்டினால் அத்தனையும் வழுக்கிக்கொண்டு போயின. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவர் அவர். "உங்களை நம்பி ஜனங்க எப்படித்தான் லிஃப்ட்ல ஏறுறாங்களோ!" என்று கூடக் கேட்டுவிட்டாள். மனிதர் சிரித்துக்கொண்டே தட்டை வழித்தார்.

அதோடு விட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆனால் ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்த புத்தி சும்மா இருக்குமா? நேற்றுச் சாயங்காலம் மாமியாரிடமும் கொஞ்சம் புது நூலைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னாள். அத்தை பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறவர். நூலும் ஊசியும் அவர் கைக்குப் பழக்கம்.

இன்றைக்குக் காலையில் ஆய்வுக்கூடத்தில் யாரும் வருவதற்கு முன்பே போய் மெஷினைப் போட்டாள். மத்தியானம் மூன்று மணிக்குத் துறையில் எல்லார் முன்னாலும் ஆராய்ச்சியை விளக்கிப் பேச வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் தீசிஸைக் கொடுத்துவிடலாம். அதற்கு முன் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் வந்தாள்.

அத்தையின் முதல் முடிச்சு வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதை மாட்டாமலே கீழே வைத்தாள்.

விரலில் இருந்த கட்டைப் பிரித்தாள். காயம் இன்னும் ஆறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கம்போல் இடது கையால் ஒரு முடிச்சுப் போட்டாள். மெஷின் இழுத்தது, இழுத்தது, கடைசியில் நூல் பட்டென்று அறுந்தது. முடிச்சு மட்டும் கல் மாதிரி அப்படியே இருந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்து, அத்தை போட்ட முடிச்சையும் தன் முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துபோயிற்று. முறுக்கிய கயிற்றை அது முறுக்கின பக்கமே இன்னும் திருகினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். இடது கைக்காரி முடிச்சுப் போட்டால் நூல் ஒரு பக்கம் சுற்றுகிறது, புருஷனையும் அத்தையையும் போல வலது கைக்காரர் போட்டால் மறுபக்கம் சுற்றுகிறது. அவள் கை போன பக்கம்தான் நூல் முறுக்கின பக்கமும். பழைய நூலில் முறுக்கே கிடையாது, ஒற்றை இழை. அதனால் எந்தக் கை போட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

புது நூல் கெட்டி இல்லை. அவள் இடது கை போட்டால் மட்டும்தான் அது கெட்டி.

இத்தனை வருஷமாக இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? அதுதான் கொடுமை. ஆராய்ச்சி ஆரம்பித்த முதல் மாதமே கைடு ஒரு விதி சொல்லியிருந்தார். "எல்லா முடிச்சையும் ஒரே கை போடணும். கை மாறினா கணக்கு மாறிடும்." நியாயமான விதிதான். அதை அவள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். காய்ச்சலில் படுத்த நாளில் கூட, உதவிக்கு வந்த ஜூனியர் பெண்ணை நூலைத் தொட விடாமல் விரட்டியிருக்கிறாள். சோம்பேறியாக இருந்து நாலு பேரிடம் வேலையைத் தள்ளிவிட்டிருந்தால் முதல் வருஷமே உண்மை வெளியே வந்திருக்கும். ஒழுங்காக இருந்ததற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள்!

மெஷினை அணைத்துவிட்டு, விரலில் மறுபடி கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

*

கைடு அறையில் புத்தகங்கள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் தீசிஸைக் கொடுக்காவிட்டால் அவளை வேறொரு கைடுக்கு மாற்றிவிடுவார்கள். மாறிப்போனவர்களின் கதி என்னவென்று துறையில் எல்லாருக்கும் தெரியும். புது கைடு முதல் நாளே, "தலைப்பைக் கொஞ்சம் மாத்திக்கலாமா?" என்பார்.

அவள் சொல்வதை எல்லாம் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பூதக்கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரே கைன்னு சொன்னது நான்தாம்மா. உங்க மேல தப்பு இல்ல."

"தீசிஸ்ல எழுதிடலாமா சார்?"

"எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? சரி, வலது கையாலயும் முழுசா ஒரு தடவை பண்ணிட்டு வாங்கம்பாங்க. ரெண்டு வருஷம் ஆகும். நான் இருக்க மாட்டேன்."

"எழுதாம விட்டா?"

"முதல்ல பட்டத்தை வாங்குங்க. அப்புறம் இதையே தனியா ஒரு கட்டுரையா எழுதுங்க. நல்ல கண்டுபிடிப்பும்மா இது. நானே உங்களைப் பாராட்டி நாலு பேருக்குச் சொல்றேன்."

"ஆஸ்பத்திரிக்காரங்க இந்த நூலை வாங்கி ஆளுங்களுக்குப் போட்டுப் பார்க்கப்போறாங்களே சார். நம்ம தீசிஸ் வரட்டும்னுதானே காத்திருக்காங்க? அங்க தைக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வலது கைதானே?"

அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அப்புறம் அதையே வெளியில் எடுத்து வேறு பெட்டியில் வைத்தார்.

"அவங்களும் நாலு சோதனை பண்ணாமப் போட மாட்டாங்க" என்றார் மெதுவாக. "இங்க பாருங்கம்மா. யார் முடிச்சுப் போட்டாங்கன்னு கேக்கற வழக்கமே நம்ம துறையில கிடையாது. நானும் முப்பது வருஷமாப் பார்க்கறேன், ஒருத்தரும் கேட்டதில்ல. யாராவது கேட்டா, மறைக்காதீங்க, சொல்லிடுங்க. கேக்காத கேள்விக்கு நீங்களாப் போய்ப் பதில் சொல்லாதீங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். அவள் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தி வரை இருந்தவர். உதவித்தொகை நின்றுபோன வருஷம் யார் யார் காலிலோ விழாத குறையாகக் கெஞ்சி அதை மீட்டுக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து இது வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவர் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

"சரி சார்" என்று எழுந்து வந்துவிட்டாள். எதற்குச் சரி சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

அத்தையின் கடை பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பைண்டிங் மேஜை, பசை வாசனை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் கூட்டம் இல்லை.

"வாங்க டாக்டரம்மா! இப்படி வந்து பாருங்க, கண்ணு கூசும்" என்று அத்தை மேஜைக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஒரு அட்டையை எடுத்தார்.

கருநீல அட்டை. அதன் மேல் தங்க எழுத்தில் ஆராய்ச்சித் தலைப்பு, அதற்குக் கீழே அவள் பெயர். அத்தை இந்த அட்டையை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அச்சடித்துவிட்டார். அப்போதே முடிந்துவிடும் என்று இவள் சொன்னதை நம்பித்தான். ஒவ்வொரு வருஷமும் கீழே இருக்கிற வருஷத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே புதிதாக அடிப்பார். அந்த இடம் மட்டும் புண் ஆறின தோல் மாதிரி மேடு தட்டிப்போயிருந்தது.

"இந்தத் தடவை ஆழமா அடிச்சிருக்கேன். இனிமே சுரண்டினா அட்டை தாங்காது" என்று சிரித்தார். "உன் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துட்டு ஷட்டரை இறக்கிடுவேன். முட்டி ரெண்டும் கெஞ்சுது. கடைக்கு ஆள் பேசியாச்சு. அவன் எப்ப வந்தாலும், உங்க மருமக முடிச்சாச்சான்னு கேக்கறான். ஊர்ல உன் தீசிஸுக்குக் காத்திருக்காத ஆளே கிடையாது."

"அத்தை, நீங்க நேத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தீங்களே..."

"ஏன், நிக்கலையா?"

"நிக்கல. அவர் போட்டதும் நிக்கல. நான் போட்டா மட்டும்தான் நிக்குது."

"அதான் உனக்குப் பட்டம் கொடுக்கறாங்க, எங்களுக்கு எதுக்குக் கொடுக்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு அத்தை அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. "என்னடீ?"

சொன்னாள். நூலின் முறுக்கு, இடது கை, வலது கை, எல்லாவற்றையும் பைண்டிங் நூலை வைத்தே காட்டினாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அத்தை அட்டையின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அங்கே தூசி எதுவும் இல்லை.

"இந்தக் கடையில எத்தனை தீசிஸ் கட்டியிருப்பேன்? ஒருத்தராவது திரும்ப வந்து, அத்தை, என் புத்தகத்துல எத்தனாம் பக்கம் தப்புன்னு சொல்லியிருக்காங்களா? கட்டின கையோட எடுத்துட்டுப் போய் அலமாரியில வைக்கறாங்க. அதுக்கப்புறம் அது கரப்பான் பூச்சிக்குத்தான். நீ ஒருத்தி மட்டும் எதுக்குடீ இப்படிக் கிடந்து அல்லாடற?"

"இதை நம்பி யார் வயித்தையோ தைக்கப்போறாங்க அத்தை."

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார் அத்தை. இவர்கள் வீட்டில் பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில்.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் வந்து சேர்ந்தார். முடி வெட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தனக்கே பட்டம் கொடுக்கப்போகிற மாதிரி இருந்தார். கையில் போன்.

அவர் விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேறு ஊரில் கிளைப் பொறுப்பு கொடுக்கிறோம் என்று கம்பெனி கூப்பிட்டு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும், "வீட்டுக்காரி படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டார். இந்தத் தடவை சாயங்காலத்துக்குள் வருகிறேன் என்று சொல்லவில்லை என்றால் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆளுக்கு இவர் வணக்கம் வைக்க வேண்டும்.

"வர்றேன்னு டைப் பண்ணியே வச்சுட்டேன். உன் கூட்டம் முடிஞ்ச அடுத்த நிமிஷம் அனுப்பிடறேன்" என்று போனைக் காட்டினார். "என்ன, மூஞ்சி இப்படிச் சுருங்கிக் கிடக்கு? பயமா?"

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன். என் முடிச்சால உனக்கு ஏதாவது கெட்டுப்போச்சா? நாலு நாளா மனசு கேக்கல."

அவள் அவரைப் பார்த்தாள். நாலு நாளாக அந்த மனிதர் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் திட்டின திட்டுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

"உங்க முடிச்சு சரிதாங்க" என்றாள். "நான்தான் தெரியாமத் திட்டிட்டேன். நீங்க சரியாத்தான் போட்டிருந்தீங்க."

"அப்படிப் போடு!" மனிதருக்கு முகமெல்லாம் பல். "கேட்டியாம்மா? அப்ப நானும் பாஸ்!"

அத்தை மருமகளைப் பார்த்தார். மருமகள் அத்தையைப் பார்த்தாள். மீதியைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவர் போன் அடித்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே ஒரு அம்மா அழுகிறாராம். "கதவை இடிக்காதீங்கம்மா. ஓரமா நில்லுங்க. ஆள் அனுப்பிட்டேன், இதோ வந்துடுவாங்க" என்று இவர் நிதானமாகப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

உள்ளே மாட்டிக்கொண்ட அந்த அம்மாவுக்காவது ஆள் வரும் என்று டாக்டரம்மா நினைத்தாள்.

*

கூட்ட அறை நிறைந்திருந்தது. பாதிப் பேர் டீக்கு வந்தவர்கள். முன்வரிசையில் துறைத் தலைவி, பேராசிரியர்கள், ஓரமாகக் கைடு. பின்வரிசையில் அத்தையும் புருஷனும். அத்தை மடியில் கைப்பை. அதற்குள் கடைச் சாவி இருக்கும்.

பேசினாள். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்ததால் வார்த்தை தானாக வந்தது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பழைய நூல் நழுவும் கோடு, புது நூல் நிற்கும் கோடு. கோடு அவ்வளவு அழகாக இருந்தது. அது தன் இடது கையின் கோடு என்று அந்த அறையில் அவளையும் கைடையும் அத்தையையும் தவிர யாருக்கும் தெரியாது.

பேசப் பேச ஒன்று விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றோடு விடுதலை. அட்டை, ஊர், வேலை, முட்டி வலிக்கிற அத்தைக்கு ஓய்வு எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் நாளையிலிருந்து அத்தை "டாக்டரம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும். கூப்பிடுகிறவருக்கும் தெரியும், திரும்புகிறவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டாலோ இந்தக் கட்டடத்துக்குள்ளேயே கிடக்க வேண்டும், வேறு கைடு, வேறு வருஷம், கூடவே இவர்களையும் கட்டிப்போட்டுக்கொண்டு. இரண்டு பக்கமும் கதவு சாத்தித்தான் இருந்தது. எந்தப் பக்கம் பூட்டுவது என்பது மட்டும் அவள் கையில் இருந்தது.

"நன்றி" என்று முடித்தாள். கை தட்டினார்கள்.

"கேள்வி இருக்கிறவங்க கேக்கலாம்" என்றார் துறைத் தலைவி.

மூத்த பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். கேட்டுவிடுங்கள், கேட்டுவிடுங்கள் என்று உள்ளே கெஞ்சினாள்.

"நாலாவது படத்துல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. பெரிசாக்கிடுங்க."

"சரி சார்."

இன்னொருவர் இந்த நூல் விலை என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னாள். மூன்றாவதாக ஒருவர் கேள்வி கேட்பதாக ஆரம்பித்துத் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் யாரும் கையைத் தூக்கவில்லை. வாசல் பக்கம் டீக் கோப்பைகள் அடுக்குகிற சத்தம் கேட்டது. கைடு அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். முடிந்தது, இறங்கி வா என்கிற தலையசைப்பு.

பின்வரிசையில் புருஷன் போனைத் தட்டினார். நிமிர்ந்து அவளைப் பார்த்து, அனுப்பியாச்சு என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"வேற கேள்வி எதுவும் இல்லைன்னா முடிச்சுக்கலாம்" என்றார் துறைத் தலைவி, எழுந்துகொண்டே.

ஒரு கை உயர்ந்தது. கட்டை விரலில் வெள்ளைக் கட்டு போட்ட இடது கை.

துறைத் தலைவி குழம்பிப்போனார். "நீங்களா? நீங்க பதில் சொல்ற ஆளும்மா."

"தெரியும் மேடம். யாரும் கேக்கல. அதனால நானே கேக்கறேன்." தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. "இந்த முடிச்சையெல்லாம் போட்டது யாரு, எந்தக் கையால?"

கைடு கண்ணை மூடிக்கொண்டார். அத்தை கைப்பையை இறுக்கிப் பிடித்தார். டீக்கு எழுந்தவர்கள் பாதியில் நின்றார்கள்.

பின்வரிசையில் அவர் தூக்கிய கட்டை விரலை இறக்கினார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்க முடிச்சு சரிதாங்க என்று அவள் மத்தியானம் சொன்னதன் மீதி இப்போதுதான் அவருக்குக் காதில் விழுந்தது. அந்தக் கையில் இருந்த போனையும் பார்த்தார்.

அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.